தடுப்புப் புடவை

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று மெட்ராஸே காலியான வருஷம். சகாயமேரி நர்சம்மாவுக்கு நின்றபடியே கண் சொருகும் அளவுக்கு அசதி. அயனம்பாக்கத்து ஜம்புலிங்கத்தின் மகள் வடிவுக்குக் குழந்தை குறுக்கே கிடந்தது. ஊர் மருத்துவச்சி கைவிட்ட பிறகுதான் வண்டி கட்டிப் பூந்தமல்லிக்குக் கொண்டுவந்தார்கள். நர்சம்மா இரவெல்லாம் போராடியதில் ஒருவழியாகத் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

எங்கள் பிரசவ விடுதி ஒரே கூடம், இரண்டு கட்டில். பக்கத்துக் கட்டிலில் சேரியிலிருந்து வந்த எல்லம்மா, கைக்குழந்தையோடு. அவளைப் பார்த்ததும் ஜம்புலிங்கம் ஒரு புடவையை நீட்டினார்.

"நடுவுல இத்த கட்டிடுங்கம்மா. எங்க சனம் வந்து பாக்கும்."

"இங்க தடுப்பு கட்றதில்லீங்க ஐயா," என்றார் நர்சம்மா.

எனக்கு எரிச்சலாக வந்தது. அவரிடம் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பார்க்கிறேன், இந்தப் பிடிவாதத்தால் எத்தனை பெரிய வீட்டுக்காரர்கள் திரும்பிப் போயிருக்கிறார்கள். "ஒரு புடவதானேம்மா, கட்னா இன்னா கொறஞ்சிடும்?" என்றேன்.

"இன்னிக்குப் புடவ, நாளைக்குச் சுவரு, பொன்னம்மா." குரலில் கோபம்கூட இல்லை, களைப்புதான். ஜம்புலிங்கம் புடவையை ஜன்னலில் போட்டுவிட்டு முறைத்துக்கொண்டு வெளியே போனார்.

அடுத்த தொல்லை வடிவின் அம்மா கன்னியம்மாள். பிள்ளை பிறந்து மூன்று நாள் தாய்ப்பால் கொடுக்கக் கூடாதென்பது இவர்கள் வழக்கம். முதலில் சுரக்கும் சீம்பால் விஷமாம். அதைக் கொட்டாங்குச்சியில் பிழிந்து கொட்டிவிட்டு, துணித்திரியில் சர்க்கரைத் தண்ணீர் நனைத்து வைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் பிள்ளையின் உதடு காய்ந்துபோயிற்று. அழக்கூட அதற்குத் தெம்பில்லை.

நர்சம்மா கெஞ்சிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார். "நாங்கல்லாம் பெத்து வளக்கலியா?" என்றாள் கன்னியம்மாள். இத்தனை வருஷமாக ஏரிக்கரை ஏரிக்கரையாய் நடந்து, ஊர் ஊராய் அவர் சொல்லிவந்த விஷயம் இது. கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அன்று அவருக்கு வார்த்தை தீர்ந்துவிட்டது. நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். பிள்ளை போய்விடும் என்று எனக்குப் பயமாக இருந்தது.

எல்லம்மாவின் பிள்ளை பால் கேட்டு ஊரைக் கூட்டியது. அவள் எடுத்து மார்பில் வைத்துக்கொண்டாள். வடிவு நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்துக்கு எப்போலேந்து குட்க்கறே?"

"பொறந்த ஒடனேங்கம்மா. நர்சம்மா சொன்னாங்கோ, குட்த்தேன்."

"ஒண்ணும் ஆவலியா?"

"பாக்கறீங்களே, இன்னா கத்து கத்துது."

கன்னியம்மாள் கொட்டாங்குச்சியோடு வந்தாள். வடிவு அந்தக் கையைத் தள்ளிவிட்டுப் பிள்ளையை எடுத்தாள்.

"இன்னாடி பண்றே?"

"நீ செத்த வெளிய போம்மா."

பிள்ளைக்கு முதலில் பிடிக்கத் தெரியவில்லை. தலையை எப்படித் தாங்குவதென்று எல்லம்மா தன் பிள்ளையை வைத்தே காட்டினாள். கொஞ்ச நேரத்தில் சப்புகிற சத்தம் கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

நர்சம்மாவிடம் சொல்லத் திரும்பினேன். வாய் லேசாகத் திறந்திருக்க, தூங்கிப்போயிருந்தார். எழுப்ப மனம் வரவில்லை. ஜன்னலில் கிடந்த புடவையை எடுத்து அவருக்குப் போர்த்திவிட்டேன்.