நெட்டுக்குப்பத்து எட்டுப் பக்கங்கள்

சில்வியாவுக்குச் சோறு போட்டது கல்யாண வீடுகள்தான். ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்தெருவில் குடியிருந்த அவள், பதினொரு வருடமாக மாலையும் கழுத்துமாக நிற்பவர்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் இல்லாத ஞாயிறுகளில் பூசை முடிந்த கையோடு கேமராவைத் தூக்கிக்கொண்டு எண்ணூர்ப் பக்கம் பறவை பார்க்கக் கிளம்பிவிடுவாள். அந்தப் படங்களில் சில, மாத இதழ் ஒன்றின் ஆசிரியரான பக்தவச்சலத்தின் கண்ணில் பட்டன. எண்ணூர் கழிமுகத்தைப் பற்றி ஒரு படக்கட்டுரை செய்து தர முடியுமா என்று கேட்டார்.

கழிமுகத்தின் ஓரமாக நாற்பது ஏக்கர் சேற்று நிலத்தை மண்கொட்டி மேடாக்கிக் கிடங்கு கட்ட ஒரு கம்பெனி அனுமதி கேட்டிருந்தது. மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டத்துக்கு ஒன்றரை மாதம் இருந்தது. அதற்கு முன்னால் இதழ் கடைக்கு வந்துவிட வேண்டும். அழிவு தெரிய வேண்டும், பார்க்கிறவன் பதறிப்போக வேண்டும் என்றார் ஆசிரியர்.

முதல் நாள் விடிகாலையிலேயே அந்தப் படம் கிடைத்துவிட்டது. நெட்டுக்குப்பத்துக் கரையில் இடுப்பளவு தண்ணீரில் ஒரு பெண் குனிந்து, பறி என்கிற பனையோலைக் கூடையைப் பல்லால் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை நிமிர்ந்தபோது முகத்தில் சாம்பல் கலந்த சேறு அப்பியிருந்தது. உள்ளங்கையில் துவண்டு கிடந்தது ஒரே ஓர் இறால். முதுகுக்குப் பின்னால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி. சில்வியா தூரத்திலிருந்தே எடுத்தாள். அட்டைக்கு இதுதான் என்று கை சொன்னது. கரையிலேயே நின்று ஆசிரியரின் போனுக்கும் அனுப்பிவிட்டாள்.

அந்தப் பெண் கரையேறி நேராக அவளிடம் வந்தாள். பெயர் கெங்கம்மா, ஐம்பதைத் தொட்ட வயது. எடுத்ததைக் காட்டச் சொல்லி, ஈரக்கை படாமல் குனிந்து நெடுநேரம் பார்த்தாள். கோபித்துக்கொள்ளவில்லை.

"போன தபா ஒருத்தரு வந்து, செத்த மீனா பாத்து படம் புட்ச்சினு போனாரு. பேப்பர்ல வந்துச்சு. அப்பால ஒரு மாசம் எங்க இறால ஒருத்தரும் வாங்கல. கம்பெனிக்கு ஒண்ணும் ஆவல கண்ணு, எங்களுக்குத்தான் ஆச்சு" என்றாள். பறியை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "உசுரோட கீறத மட்டும் ஒருத்தரும் எடுக்க மாட்றீங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

பறி முக்கால்வாசி நிறைந்திருந்ததைச் சில்வியா அப்போதுதான் கவனித்தாள். உள்ளே இறால்கள் துள்ளிக்கொண்டிருந்தன.

கத்திவாக்கம் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது ஆசிரியர் அழைத்தார். குரலில் அவ்வளவு உற்சாகம். அட்டைப்படம் முடிவாகிவிட்டது என்றார். சில்வியா அதைப் போட வேண்டாம் என்றாள். ஏனென்று சொல்ல ஆரம்பித்ததும் அவருக்கு எரிச்சல் வந்தது. அழகான நண்டைப் பார்த்து எவனும் மனு எழுத மாட்டான், அதிர்ச்சிதான் ஆளை அசைக்கும், முப்பது வருடமாகப் பத்திரிகை நடத்துகிறேன் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருப்பது அவளுக்குத் தெரிந்தது.

"சார், அங்க ஒண்ணுமே இல்லன்னுதான் கம்பெனியும் சொல்லுது. நாமளும் செத்தத மட்டும் காட்டுனா, அவங்க சொல்றத நாமளே அச்சடிச்சுக் குடுத்தா மாதிரிதான்" என்றாள் கடைசியில்.

வேறு படங்கள் எடுத்து வர ஆசிரியர் பத்து நாள் கொடுத்தார்.

இரண்டு கல்யாண ஆர்டர்களைத் தோழி ஒருத்தியிடம் தள்ளிவிட்டு, சில்வியா தினமும் முதல் ரயிலில் போனாள். முதல் படத்தை அனுப்பியதையும் பிறகு வேண்டாமென்றதையும் ஒளிக்காமல் கெங்கம்மாவிடம் சொன்னாள். மறுநாள் கெங்கம்மாவே தண்ணீர் வற்றும் நேரத்தைக் கணக்குச் சொல்லி, கால் புதையாத வழியாகக் கூட்டிக்கொண்டு போனாள். சேற்றில் கவிழ்ந்து படுத்து அசையாமல் கிடந்தால், கால்மணி நேரத்தில் வளைகளிலிருந்து நண்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஒரு கை மட்டும் பெரிதாகச் சிவந்திருந்த நண்டைக் கெங்கம்மா ஒத்தக்கை என்றாள். நண்டில் மட்டும் ஏழு ஜாதிக்கு அவளிடம் பெயர் இருந்தது. எந்தச் செடியின் வேரடியில் இறால் குஞ்சு ஒதுங்கும், எந்த மாதம் உள்ளான் பறவைக் கூட்டம் இறங்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

ஒவ்வொரு படத்திலும் ஊர் தெரிய வேண்டும் என்பதில் சில்வியா பிடிவாதமாக இருந்தாள். நண்டுக்குப் பின்னால் புகைபோக்கி, நாரைக்குப் பின்னால் எண் எழுதிய மின்கோபுரம்.

எட்டுப் பக்கம் வந்தது. அட்டையில் ஒத்தக்கை, கையை உயர்த்தி நின்றது. படங்களுக்கு அடியில் கெங்கம்மா சொன்ன பெயர்களையே ஆசிரியர் போட்டிருந்தார். உள்ளே ஒரு பக்கம் முழுக்க, நிறைந்த பறியோடு கெங்கம்மா. அதைப் பார்த்து அவள் வாயை முந்தானையால் மூடிக்கொண்டு சிரித்தாள். தலைசீவிக்கொண்டு வந்திருக்கலாம் என்றாள்.

கூட்டம் ஒரு மண்டபத்தில் நடந்தது. கம்பெனிக்காக ஆய்வு செய்தவர், அந்த நாற்பது ஏக்கரும் குறிப்பிடத்தக்க உயிரினம் ஏதுமில்லாத உவர்நிலம் என்று வாசித்தார். பேச அழைத்தபோது கெங்கம்மா இதழோடு மேடைக்குப் போனாள். அட்டையை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தாள்.

"ஒண்ணுமே இல்லன்னு எழுதிக்கீறீங்க. அப்போ முப்பது வருசமா நான் இன்னாத்த புட்ச்சினு கீறேன், ஐயா?"

இந்தப் படங்களை எங்கே வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம் என்றார் ஆய்வாளர். சில்வியா எழுந்து, நாரைப் படத்திலிருந்த மின்கோபுரத்தின் எண்ணை வாசித்தாள். அவருடைய வரைபடத்திலேயே அந்த எண் நாற்பது ஏக்கருக்கு நடுவில் இருந்தது. கூட்டத்தை நடத்திய அதிகாரி இதழை வாங்கி, எட்டுப் பக்கத்தையும் பொறுமையாகப் புரட்டினார். மழைக்காலம் முடிந்ததும் மறு ஆய்வு என்று பதிவு செய்தார்.

தை மாதம் மூன்று பேர் வந்து ஒன்பது நாள் ஆய்வு செய்தார்கள். படகின் முன்னால் உட்கார்ந்து வழி காட்டியது கெங்கம்மா. முப்பத்தோரு ஏக்கரைத் தொடக்கூடாது என்று முடிவானது. சாலையை ஒட்டிய ஒன்பது ஏக்கர் கம்பெனிக்குப் போனது. பெரிய வெற்றி என்று ஆசிரியர் போனில் சொன்னார். சில்வியாவும் அப்படித்தான் நினைத்திருந்தாள், கெங்கம்மாவைப் பார்க்கும்வரை.

"அந்த ரோட்டோரத்துலயும் இறால் குஞ்சு கீது கண்ணு" என்றாள் கெங்கம்மா.

மண் லாரிகள் வருவதற்கு முந்தின வாரம் இருவரும் அந்த ஒன்பது ஏக்கருக்குப் போனார்கள். இந்த முறை எந்த இதழும் கேட்டிருக்கவில்லை. கெங்கம்மா முன்னால் நடந்து ஒவ்வொரு வளையாகக் கைகாட்டினாள். சில்வியா சேற்றில் படுத்து, ஒன்று விடாமல் எடுத்துக்கொண்டே போனாள்.