பூண்டு வாசமும் ஒரு புதுக் கல்லும்

எங்கள் தங்கச் சுரங்கத்தின் தலைமை நிலவியலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் அகராதி. எல்லாம் தெரிந்தவர் என்பதால் வைத்தது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அகராதி பிடித்தவர் என்பதால் வைத்தது. எந்தக் கல்லையும் கையில் வாங்க மாட்டார். இரண்டடி தள்ளி நின்றே பெயர் சொல்லிவிடுவார். கையில் தூசி பட்டுவிடுமாம்.

நான் அங்கே சோதனைக்கூடத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கல்லை இடித்துச் சலித்து உலையில் வைப்பவள். என் தம்பி அதே சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறான். ஒரு நாள் காலையில் கையில் ஒரு கல்லோடு வந்து நின்றான்.

“அக்கா, இதைத் தூக்கிப் பாரு. இத்தனூண்டு இருந்துக்கிட்டு என்னா கனம் கனக்குது! அஞ்சாவது மட்டத்துல புதுசா வெட்டுனது. பைரைட்டுன்னு சொல்லி அகராதி கையெழுத்து போட்டுட்டாரு. நாலு நாளா கழிவு மேட்டுலதான் கொட்டுறேன்.”

வெளிறிய மஞ்சள். தங்கம் போல மினுக்கி ஏமாற்றும் பைரைட் மாதிரியே பல்லை இளித்தது. ஆனால் பைரைட்டில் கத்தி இறங்காது. இதில் கத்தி முனையை வைத்ததும் கீறல் விழுந்தது, ஓரம் பொடியாக உதிர்ந்தது. ஒரு துண்டைப் பொடித்து, தங்கத்தைக் கரைக்கும் சயனைடில் போட்டுப் பார்த்தேன். மிச்சக் கல்லை எடுத்துக்கொண்டு அகராதியின் அறைக்குப் போனேன்.

“சயனைடுல போட்டுப் பார்த்தியா?” என்றார், தலையை நிமிர்த்தாமல்.

“பார்த்தேன் சார். தங்கம் ஒண்ணும் கரையல. ஆனா இது டெல்லூரியத்தோட சேர்ந்த தங்கமா இருந்தா அப்படி லேசுல கரையாது. முதல்ல வறுக்கணும்...”

“டெல்லூரியமா? இங்கயா?” சிரித்தார். “இருபது வருஷமா இந்தப் பாறையைப் படிக்கிறேன்மா. நீ போய் உன் அடுப்பைப் பாரு.”

அடுப்பைத்தான் பார்த்தேன். புகைபோக்கியை ஓடவிட்டுக் கல்லைச் சூடேற்றினேன். வெள்ளைப் புகை எழுந்து போனது. கல்லின் மேல் வியர்வை துளிர்த்தது போலக் குட்டிக் குட்டியாய்த் தங்க முத்துகள். அதைத் தட்டில் வைத்து, செய்த முறையையும் எழுதி, அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் இயக்குநர்கள் கூட்டம். மாதிரிக் கற்களைத் தூக்கிவர என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கதவைத் திறந்ததும் பூண்டு வாசம் குப்பென்று அடித்தது. அகராதி வாயைத் திறக்கும்போதெல்லாம் பக்கத்து நாற்காலிகள் மெல்ல மெல்ல நகர்ந்தன. திரையில் என் தட்டின் படம். கீழே அவர் பெயர்.

நிறுவனத்தின் ஆலோசகர், உலோகவியல் படித்த வயதான அம்மையார், கண்ணாடியைக் கழற்றினார்.

“எப்போ கண்டுபிடிச்சீங்க?”

“போன மாசமே, மேடம்.”

“நீங்களே வறுத்தீங்களா?”

“நானேதான். என் ரூம்லயே ஒரு பர்னரை வச்சு.”

“ஜன்னலைச் சாத்திக்கிட்டு செஞ்சிருக்கீங்க. டெல்லூரியப் புகை உள்ள போனா மூச்சுல பூண்டு நாறும். சரி, இது காலவரைட்டா, சில்வனைட்டா?”

“ரெண்டும் ஒண்ணுதான் மேடம்.”

அம்மையார் சிரிக்கவில்லை. முன்னால் இருந்த லாரிச் சீட்டுகளைப் புரட்டினார். “போன மாசமே தெரிஞ்சிருந்தும் முந்தாநாள் வரைக்கும் இதைக் கழிவு மேட்டுக்கு அனுப்பிக் கையெழுத்து போட்டிருக்கீங்களே, ஏன்?”

அகராதி தன் காகிதங்களைப் புரட்டிச் சொல் தேடினார். அம்மையார் என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லும்மா.”

“காலவரைட், மேடம். சில்வனைட்ல வெள்ளி அதிகம். உடைச்சா ஒரே தளமா பளபளன்னு பிளக்கும். இது அப்படிப் பிளக்கல, கண்டபடி உடையுது. தங்கத்தோட டெல்லூரியம்தான் இருக்கு, வெள்ளி கொஞ்சம்தான். படத்துல இருக்குறதை வறுத்தது நான்தான். முறையை எழுதிக் கொடுத்ததும் நான்தான்.”

வேலையை விட்டுத் தூக்கினார்களா? அப்படிப்பட்டவர்களை யார் தூக்குவார்கள்? “ஆர்வக்கோளாறு” என்று ஒரு இயக்குநர் பூசி மெழுகினார். கழிவு மேட்டைக் கிளறிப் பொறுக்கும் வேலைக்கு அவரையே மேற்பார்வையாளராகப் போட்டார்கள். மூன்று வாரம் வாசம் போகவில்லை. வீட்டில் அவருக்கு வாசல் அறையில் படுக்கை என்று தம்பி எங்கோ விசாரித்து வந்து சொன்னான். எனக்குப் பாவமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை.

மேட்டிலிருந்து வந்ததை நான் தரம் பிரித்தேன். ஈயத்தோடு டெல்லூரியம் சேர்ந்த வெள்ளை அல்டைட் கல்லும் நிறையக் கிடந்தது. பளபளப்புக்குக் குறைவில்லை, தங்கம் துளியும் கிடையாது. அதை எடுத்து ஓரமாய்க் குவிக்கும்போதெல்லாம் அவர் முகம்தான் ஞாபகம் வந்தது.

இந்தக் கண்டுபிடிப்பைப் பற்றிய அறிக்கையை நான் எழுதி முடித்த அன்று அகராதி முதல்முறையாகச் சோதனைக்கூடத்துக்குள் வந்தார்.

“நம்ம கண்டுபிடிப்புன்னு போட்டுடலாமேம்மா.”

“நம்மன்னா யாரு சார்?” என்றேன். “என் கையெழுத்தைப் போட்டு காலையிலேயே அனுப்பிட்டேன்.”