குளக்கட்டில் நின்ற வெள்ளைச் சேலை

ஊர் ஊராய்ப் போகும் ஹமீட் நானாவின் படக்கொட்டகை அக்கராயன் குளத்தடியில் இறங்கியபோது ஐம்பத்தொன்பதாம் ஆண்டு மாரிமழை முடிந்திருந்தது. கொண்டுவந்த படம் ஒரு பேய்ப்படத்தின் இரண்டாம் பாகம். முதல் பாகத்தில் குளத்தில் மூழ்கிச் செத்த பெண் வெள்ளைச் சேலையோடு திரும்பி வருவாள். இரண்டாவதில் அவளைக் கொன்றவனைத் துப்பறிவாளர் ஒருவர் தேடிப் பிடிப்பார். அங்கே முதல் பாகத்தையே யாரும் பார்த்திருக்கவில்லை. முதற் காட்சிக்கு உட்காரும் வாங்குகள் பாதி காலி.

"நான் ஆக்களைக் கொண்டுவாறன் நானா," என்றான் யோகநாதன். டிக்கெற் கிழிப்பதும் ஒலிபெருக்கியில் அறிவிப்பதும் அவன் வேலை. "பேயை ஊருக்குள்ளயே காட்டுவம்."

"விளையாட்டு வேண்டாம் தம்பி."

அவன் கேட்கவில்லை. பொழுது சாயும் நேரம் வெள்ளைச் சேலையைச் சுற்றி, முகத்திலும் கையிலும் பவுடரை அப்பிக்கொண்டு குளக்கட்டில் போய் நின்றான். மேய்ச்சலிலிருந்து மாடு சாய்த்து வந்த இருவர் தடியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். பேய் நிற்கும் கதை பரவி அடுத்த நாளே கொட்டகை நிரம்பியது. அவனும் விடாமல் போய் நின்றான்.

ஒரு மாலை நடுவயதுப் பெண் ஒருத்தி குளக்கட்டில் ஏறி வந்தாள். அவள் ஓடவில்லை. வாழையிலையால் மூடிய சட்டியொன்றைக் கீழே வைத்தாள்.

"வந்திட்டியே பிள்ளை," என்றாள். "பசியோட நிக்கிறாய். சாப்பிடு. அம்மா போறன், திரும்பிப் பாக்கமாட்டன்."

அவள் பெயர் இலட்சுமி. குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். போன மாரியில் அவள் மகள் அருந்ததி இந்தக் குளத்தில்தான் மூழ்கிப் போனாள். யோகநாதனுக்கு இதெல்லாம் பிறகுதான் தெரியும். ஆனால் அந்தக் குரலைக் கேட்டதுமே தன்னை யாரென்று நினைக்கிறாள் என்பது விளங்கிவிட்டது.

அப்போதே சேலையை உருவி எறிந்திருக்கலாம். வெறும் தேத்தண்ணியோடு கிடந்த வயிறு விடவில்லை. பயித்தங்காய்க் கறியும் சோறும். ஒரு பருக்கை மிஞ்சாமல் தின்றான். மறுநாளும் போனான். படத்துக்காகப் போவதாகத் தனக்கே சொல்லிக்கொண்டான், போனது சோற்றுக்கு.

சில நாள் கழித்து, காலையில், இலட்சுமியின் கணவர் சிற்றம்பலம் கொட்டகைக்கு வந்தார். யோகநாதனின் பெட்டிமேல் இருந்த பவுடர் பேணியை மூக்கருகே எடுத்து மணந்து பார்த்தார்.

"சட்டி விளிம்பில வெள்ளை வெள்ளையா விரல் அடையாளம்," என்றார் மெதுவாக. "மகளின்ர கைத் திருநீறு எண்டு அவ சாமித்தட்டில வைச்சுக் கும்பிடுறா. எனக்குப் பவுடர் மணந்தது. குளக்கட்டில போய்ப் பாத்தன். ஈரமண்ணில ஆம்பிளைக் காலடி இஞ்ச கொட்டகைப்பக்கம் வருது. வயிறு நிறையச் சோறு காணுமாயிருந்ததோ தம்பி?"

அவர் அடித்திருந்தால் யோகநாதன் தாங்கியிருப்பான்.

"பொலிசுக்குப் போகமாட்டன். நீர் வந்து அவவிட்டச் சொல்லும். நான் சொன்னால் நம்பமாட்டா."

இலட்சுமி முற்றத்தில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். அவன் சொல்லி முடிக்கும்வரை சுளகைக் கீழே வைக்கவில்லை. பிறகு அவன் கைகளைப் பார்த்தாள்.

"அப்ப அவள் வரவேயில்லையோ?"

"இல்லை அம்மா. நான்தான்."

அவள் எழுந்து உள்ளே போனாள். கதவு சாத்தப்பட்டது. "இனிப் போம்," என்றார் சிற்றம்பலம்.

அன்று மாலை வாசலில் டிக்கெற் நீட்டிய ஒருவர், "உங்கட படத்துப் பேய் எங்கட குளத்திலயும் நிக்குது தம்பி," என்றார். "சிற்றம்பலத்தின்ர செத்த பெட்டைதான் அலையுதாம். பொம்பிளையள் குளிக்கப் போறேல்லை."

யோகநாதன் டிக்கெற்றுகளை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே போய் ஒலிபெருக்கியை எடுத்தான்.

"குளக்கட்டில நிண்டது நான். சேலை கட்டிக்கொண்டு நான்தான் நிண்டனான். அந்தப் பிள்ளை பேயாய் வரேல்லை. அந்தத் தாயின்ர சோத்தையும் நான்தான் திண்டனான்."

பின்வரிசையில் ஒருவன் விசிலடித்தான். சிரிப்பும் கைதட்டலும் கிளம்பின. அதையும் படத்துக்கான அறிவிப்பென்றே எடுத்துக்கொண்டார்கள். அவன் திரும்பவும் சொன்னான். கைதட்டல் இன்னும் கூடியது.

ஹமீட் நானா மட்டும் சிரிக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தபடியே ஒலிபெருக்கியை வாங்கி வைத்தார். விளக்கு அணைந்து படம் ஓடத் தொடங்கியது. யோகநாதன் வெளியே, ஜெனரேட்டர் இரைச்சலுக்குள், முழங்காலில் முகம் புதைத்துக் குந்தியிருந்தான்.