ஊசித்துளை இல்லாத புடவை

வாருங்கள்! மலைக்கோட்டைக்கு அடியிலுள்ள இந்தச் சந்துக்குள் நுழைந்து, நசீராவின் தையல் இயந்திரத்தின் மேல் கிடக்கும் துணியைப் பாருங்கள். நடப்பது களவு. பார்த்தபின் தெரியாதென்று சொல்லாதீர்கள்.

‘பழைய புடவை கொடுங்கள், குழந்தைக்கு விரிப்பாக்கித் தருகிறோம்’ என்று பலகை மாட்டிய கடையிலிருந்து அந்த மூட்டை வந்திருந்தது. சீட்டில், ‘ஜாஹ்னவி, ஸ்ரீரங்கம். அம்மாவின் உறையூர்ப் பருத்திப் புடவை.’ ஓரத்தில் வைத்துத் தைக்க ஒரு நாடாவும் இருந்தது: ‘பழந்துணியில் தைத்தவர் நசீரா.’

நசீரா வழக்கம்போல முதலில் கரையைத் தடவினாள். உடுத்திய புடவையில் ஃபால்ஸ் பிரித்த இடத்தில் ஊசித்துளைகள் வரிசையாக நிற்கும். எத்தனை முறை துவைத்தாலும் மூடுவதில்லை. இதில் ஒரு துளைகூட இல்லை. ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினாள். பருத்தியென்றால் சாம்பலாகியிருக்கும். இது உருகி, கருமணியாகத் திரண்டு விரலைச் சுட்டது.

கடை மேலாளர் டோனியைப் போனில் அழைத்தாள். “தம்பி, இது அந்தப் புடவை இல்லப்பா. புது பாலியஸ்டர்.”

“நீங்க டெய்லரா, சிஐடியாக்கா?” டோனி சிரித்தான். “நல்ல புடவையெல்லாம் பெங்களூர் பார்ட்டிக்கு வித்தாச்சு. கைக்குழந்தையா வந்து கேக்கப்போவுது? சாயங்காலம் டெலிவரி. இல்லன்னா நாளைலேர்ந்து மூட்டை வராது.”

அந்த மூட்டையை நம்பித்தான் சந்தில் இன்னும் ஐந்து பெண்கள் இருந்தார்கள். நசீராவின் கால் மிதியில் இருந்தது, மிதிக்கவில்லை. இந்த வெயிலில் பச்சைக்குழந்தையின் முதுகு இதிலா வேக வேண்டும்? அதன் கீழே தன் பெயரா?

துணியைச் சுருட்டிக்கொண்டு, சீட்டிலிருந்த முகவரியைத் தேடி ஸ்ரீரங்கத்துக்கு ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினாள். காவிரிப் பாலத்தில் இரண்டு முறை இறங்கிவிட எழுந்தாள். இரண்டு முறையும் உட்கார்ந்தாள்.

ஜாஹ்னவி துணியை வாங்கிக் கன்னத்தில் ஒற்றினாள். முகம் மாறிற்று. “இது எங்கம்மா உடுத்திண்டது இல்லையே!”

“இல்லம்மா. அதச் சொல்லத்தான் வந்தேன்.”

நசீராவின் போன் அடித்தது. டோனி. “கடைக்காரரா? இப்டி குடுங்கோ,” என்று ஜாஹ்னவி வாங்கிக்கொண்டாள். “என் அம்மா புடவை எங்கே?”

அழைப்பு துண்டிக்கப்பட்டது.

மறுநாள் மூட்டை வரவில்லை. ஆறு இயந்திரங்களும் ஓடவில்லை. கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜாஹ்னவி அந்தக் கடை வாசலில் நிற்கிறாள். பக்கத்தில் நசீரா, அந்தப் பாலியஸ்டர் துணியோடு. இரண்டு பேரென்றால் விரட்டிவிடுவார்கள்.

புடவை கொடுத்தவர்களே, ரசீதை எடுத்துக்கொண்டு புறப்படுங்கள். உங்கள் துணி எங்கே என்று கேளுங்கள். பதில் வரும்வரை அந்த வாசலை விட்டு நகராதீர்கள்!