ஊறப்போட்ட பேப்பர்

1993 ஆடி மாதம், நாகூருக்கு மேற்கே உள்ள ஒரு சிற்றூரில், குழந்தைராஜ் வீட்டில் ஒரு செய்தித்தாள் முளைவிட்டது. விதைநெல்லை ஊறவைத்துக் கோணியில் கட்டும்போது அடியில் எப்படியோ ஒரு பேப்பர் சிக்கிக்கொண்டது. சாக்கைப் பிரித்தபோது நெல்லோடு நெல்லாக அதுவும் வெள்ளை முளை காட்டியது. முளைத்தது கடைமடைக்குத் தண்ணீர் பிந்தி வரும் என்ற செய்தி. அதற்குப் பக்கத்திலேயே, உரம் தாராளமாகக் கிடைக்கும் என்றிருந்த செய்தி அழுகிக் கொழகொழவென்று கையோடு வந்தது. சொன்னபடி தண்ணீர் பிந்தியது, உரம் கிடைக்கவில்லை. உண்மை முளைக்கும், பொய் அழுகும் என்பதை ஊர் சீக்கிரமே புரிந்துகொண்டது. பேப்பர் போடுகிற பக்கிரி அதற்காக விலையை ஏற்றவுமில்லை.

குழந்தைராஜ் அரசியல் கூட்டம் என்றால் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு சைக்கிளை எடுக்கிற ஆள். சொத்து, குடும்பம், கோயில் இந்த மூன்றிலும் சர்க்கார் கை வைக்காமல் இருந்தால் நாடு தானாக நிமிர்ந்துவிடும் என்பது அவர் கட்சி. டெல்லியில் தொழிலுக்கும் வியாபாரத்துக்கும் கதவைத் திறந்துவிட்ட வருஷம், தான் காலமெல்லாம் டீக்கடையில் கத்தியது இப்போதுதான் அவர்கள் காதில் விழுந்திருக்கிறது என்று சொல்லி மாதா கோயில் வாசலில் மிட்டாய் கொடுத்தார். அவருக்கென்று ஒரு தினசரி, சென்னையிலிருந்து வருகிற ஒரு பொருளாதார வார இதழ், இரண்டும் உண்டு. எதிர்க்கட்சிக்காரர்களின் பேப்பரையும் வாங்கினார், ஆனால் படிப்பதற்கல்ல, ஊறப்போடுவதற்கு. அழுகின துண்டுகளை டீக்கடைக்குக் கொண்டுபோய் மூக்கருகே நீட்டிக் காட்டுவார். முளைத்ததைப் பற்றி மூச்சு விடமாட்டார், வாத்துக்குப் போட்டுவிடுவார். தன் பேப்பரை மட்டும் ஒரு நாளும் ஊறப்போட்டதில்லை. அந்தப் பக்கத்து வழக்கமும் அதுதான். கடையில் வாங்கின விதையை ஈரத்துணியில் சுற்றி முளைக்கிறதா என்று பார்ப்பார்கள். வீட்டு விதையை யாரும் சோதிக்கமாட்டார்கள், அது கட்டின பெண்டாட்டியைச் சந்தேகப்படுகிற காரியம்.

இப்படி இரண்டு வருஷம் ஓடியது. பிறகு சென்னையிலிருந்து ஒரு இறால் கம்பெனி வந்தது. குழந்தைராஜின் வயல் ஊர் வாய்க்காலின் தலைமாட்டில், எல்லோருக்கும் மேலே இருந்தது. கழிமுகத்து உப்புத் தண்ணீரைக் குழாய் வைத்து இறைத்து அதில் குளம் போடுவதாகக் கம்பெனி சொன்னது. சிங்கப்பூரில் இருந்த மகன் ஆன்டோ வாரத்துக்கு ஒருமுறை எஸ்.டி.டி. பூத்துக்குக் கூப்பிட்டு, இந்த வாய்ப்பை விட்டால் அப்பாவைப் பார்த்து உலகமே சிரிக்கும் என்றான். அவருடைய பேப்பர் இறால்தான் இனி டெல்டாவின் பொன் என்று எழுதியது. வார இதழ் அதற்குப் படம் போட்டு விளக்கியது. குழந்தைராஜ் சும்மா இருப்பாரா? உப்பு வரப்பைத் தாண்டாது, தன் நிலத்தில் எதை வளர்ப்பதென்பது அவனவன் உரிமை என்று ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். பெயரோடு ஊரோடு அச்சில் வந்தது. அன்றைக்கு அவர் நடந்த நடையை ஊர் வெகுநாள் பேசியது.

எதிர்ப் பேப்பரோ, இறால் குளம் வந்த ஊர்களில் கிணறு உப்பாகிவிட்டது, பக்கத்து வயலில் பயிர் கருகிவிட்டது என்று எழுதியது. எப்படி அழுகுகிறது பார் என்று அதை ஆசையாக ஊறப்போட்டார். மறுநாள் காலையில் வேர் கோணியைத் துளைத்துக்கொண்டு தரையில் இறங்கியிருந்தது. வாத்துக்குப் போடக் கை வரவில்லை. வயலைக் கம்பெனிக்குக் கொடுக்கும் பத்திரம் பதிய இன்னும் சில நாள்தான் இருந்தது.

கடைமடையில் பயிரிடுகிற பஞ்சநதம் வீட்டுக்கு வந்தது அப்போதுதான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அண்ணே, உங்க வயல்ல உப்பு நின்னா எங்க வயல்ல நெல்லு நிக்காது. அவங்க பேப்பரை ஊறப்போட்டுப் பாத்தீங்க, சரி. உங்க பேப்பரையும் ஒருதடவை போடுங்க. முளைச்சிருச்சுன்னா நானே வந்து சாட்சிக் கையெழுத்துப் போடுறேன்."

குழந்தைராஜுக்குக் கோபம் தலைக்கேறியது. வீட்டு விதையைச் சோதிக்கச் சொல்கிறாயா என்று கத்தினார். பஞ்சநதம் படியிறங்கிப் போய்விட்டார். மனைவி இருதயம்மாள் தண்ணீர் நிறைந்த அண்டாவைக் கூடத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அவர் வெகுநேரம் அண்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் பேப்பரை உள்ளே இறக்கினார். தன் கடிதம் வந்த பக்கத்தையும் எடுத்துப் போட்டார்.

ஊறவைத்து, கோணியில் கட்டி, வைக்கோல் மூடி, மேலே கல் வைத்தார். அதன் பக்கத்திலேயே கிடந்தார். பதிவுக்கு முந்தின நாள் பிரித்தபோது நெல் விலை முளைத்திருந்தது. சிங்கப்பூர்ச் செய்தி நன்றாக முளைத்திருந்தது. இறால் செய்தி அழுகியிருந்தது. அதற்குக் கீழே, அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டு, அவருடைய கடிதம்.

"நான் எழுதினதும் அழுகிருச்சு, இருதயம்."

"தெரியுங்க. நேத்தே நாத்தம் வந்துச்சு" என்றாள் அவள்.

மறுநாள் ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் கம்பெனிக்காரன் பேனாவைத் திறந்து நீட்டினான். குழந்தைராஜ் வாங்கவில்லை. "என் நிலத்தைக் கொடுக்க எனக்கு உரிமை இருக்கு தம்பி. கொடுக்காம இருக்கவும் இருக்கு" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார். ஆன்டோ ஒரு வருஷம் பேசவில்லை. போன் வந்திருப்பதாகப் பூத்துக்காரர் சைகை காட்டுவாரா என்று குழந்தைராஜ் ஞாயிறுதோறும் அங்கே போய் நின்றுவிட்டு வருவார், அது அவருக்கு வலித்தது. கட்சியை மாற்றவில்லை, தன் பேப்பரை நிறுத்தவில்லை, டீக்கடையில் சத்தத்தையும் குறைக்கவில்லை. ஆனால் அதன்பிறகு எல்லாப் பேப்பரும் ஒரே அண்டாவில்தான் ஊறின.

தான் எழுதியது தப்பு என்று ஆசிரியருக்கு இன்னொரு கடிதம் அனுப்பினார். அவருடைய பேப்பர் அதைப் போடவே இல்லை. காத்துப் பார்த்துவிட்டு, கையில் இருந்த நகலை அவரே ஊறப்போட்டார். அது முளைத்தது. தலைமடை ஓரத்தில் நட்டார், நெல்லாகவே விளைந்ததைத் தை மாதம் அறுத்தார். அரிசி கொஞ்சம் மசி நிறமாக இருந்தது. ஆன்டோ பேச்சைத் தொடங்கி ஊருக்கு வந்த அன்று இருதயம்மாள் அதைத்தான் உலையில் போட்டாள், வழக்கத்தைவிட ஒரு தண்ணீர் கூடுதலாகக் கழுவி. ஆன்டோ மறுசோறு கேட்டான்.