திட்டாத ஃபோர்மேன்

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் நெட்டை என்றால்தான் அவனைத் தெரியும். வெட்டும் இயந்திரத்தில் சிக்கி வலது கையில் இரண்டு விரல்கள் நசுங்கின. எலும்பு கூடியது, விரல்களும் ஒருவழியாக மடங்கின. வீட்டில் இறுக மூடிய பாட்டில்களையெல்லாம் தேவையில்லாமல் திறந்து திறந்து பழகி, மனைவியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். பழைய வேலையையே செய்யலாம் என்று டாக்டர் சொன்ன மறுநாளே கிளம்பிவிட்டான்.

ஃபோர்மேன் வாசலுக்கே வந்து, "வாங்க தம்பி, உக்காருங்க" என்றார்.

நெட்டைக்குத் தூக்கிவாரிப்போட்டது. "டேய்" போடாமல் பேசத் தெரியாத மனிதர் அவர். மரியாதை எல்லாம் வெளியாட்களுக்கு மட்டும்தான்.

அவனுடைய இயந்திரத்தில் வேறொருவன் நின்றுகொண்டிருந்தான். நெட்டைக்குக் கிடைத்தது ஒரு நாற்காலியும் லேபிள் ஒட்டும் வேலையும். "மெதுவாப் பண்ணுங்க, அவசரமே இல்ல" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். மற்றவர்கள் "மாப்பிள்ளை" என்று ஓட்டினார்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், அந்த நாற்காலியைத்தான் பொறுக்க முடியவில்லை. இயந்திரம் திரும்பக் கிடைக்காவிட்டால் இங்கே தனக்கு இடமே இல்லை என்று பயந்தான். கேட்கும்போதெல்லாம் ஃபோர்மேன், "பார்ப்போம் தம்பி" என்று நழுவினார்.

ஒரு நாள் இயந்திரத்தையே பார்த்துக்கொண்டு ஓர் அடுக்குப் பெட்டிகள் முழுவதற்கும் லேபிளைத் தலைகீழாக ஒட்டித் தொலைத்தான். இன்றைக்குக் கிழிகிழியென்று கிழிக்கப் போகிறார் என்று காத்திருந்தான், கொஞ்சம் ஆசையாகவே.

ஃபோர்மேன் வந்தார், பார்த்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, லேபிள்களைத் தானே உரிக்க ஆரம்பித்தார்.

"அண்ணே, ரெண்டு வார்த்தை திட்டிடுங்கண்ணே."

அவர் நிமிரவில்லை. "அன்னைக்கு 'சீக்கிரம், சீக்கிரம்'னு நான் கத்தினதுலதானே நீ அவசரத்துல கையை விட்ட?"

பொய்யில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவரை மனதுக்குள் சபிக்காத நாளில்லை. பிறகு, கட்டுப் பிரித்து விரல்களை மடக்கப் பழகிய வலியில் அதையெல்லாம் மறந்தே போனான். இந்த மனிதர் மட்டும் இன்னும் அந்த இயந்திரத்தின் பக்கத்திலேயே நிற்கிறார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

அவர் கையிலிருந்த பெட்டியை வாங்கிக் கீழே வைத்தான்.

"எனக்குக் கை சரியாயிடுச்சுண்ணே. நீங்க எப்ப வேலைக்கு வரப்போறீங்க?"