முதல் அளவு

கோல்ஃப் ஆட்டத்தில் எட்டுக் குழிகள் முடிந்தபோது நானும் அப்பாதுரையும் சமம். ஒன்பதாவதை யார் குறைந்த அடிகளில் முடிக்கிறார்களோ அவர்தான் கிளப் சார்பில் பெங்களூர் போட்டிக்குப் போவார்.

அடி அண்ணாமலை கிராமத்தை ஒட்டி நாங்கள் ஆடும் இந்த மேட்டு நிலம் அப்பாதுரையுடையது. ஊருக்குள் லாட்ஜ் நடத்துபவர். நான்கு வருடம் முன்பு, 2004இல், எல்லை அளக்க வேங்கிக்கால் சர்வே அலுவலகத்திலிருந்து வந்த நான், சும்மா ஒரு மட்டையை வாங்கி அடித்துப் பார்த்தேன். பந்து போன தூரத்தைக் கண்ணால் அளந்தபோதே தெரிந்துவிட்டது, இனி விடமாட்டேன் என்று.

தூரம் காட்டும் கருவியை இந்த வருடம்தான் வாங்கினேன். பைனாகுலர் போல இருக்கும். குழியில் நட்ட கொடியைப் பார்த்துப் பொத்தானை அழுத்தினால் எத்தனை கஜம் என்று காட்டும். செயலாளர் மூர்த்தி அதற்கு அனுமதி உண்டு என்று பலகையில் எழுதி ஒட்டியிருந்தார். இருந்தும் காலையிலிருந்தே அப்பாதுரைக்கு அது கேலிப்பொருள். கண் நல்லா இருக்கிறவங்களுக்கு மிஷின் எதுக்கு என்று மூர்த்தியிடம் இரண்டு முறை சொல்லிவிட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. அளக்காமல் சொல்லும் தூரங்களால் எத்தனை அண்ணன் தம்பிகள் பேசாமல் போனார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஒன்பதாவது குழிக்கு அடிக்கும் இடத்தை அன்று காலையில்தான் பள்ளத்துக்கு இந்தப் பக்கமாக மாற்றியிருந்தார்கள். இங்கிருந்து யாரும் அடித்ததில்லை. குறுக்கே பள்ளம் கிடந்தால் கண் ஏமாறும். நான் கருவியை எடுத்தேன்.

"நூத்தி அறுபத்தெட்டு."

வாய்விட்டுச் சொன்னேன். வயலில் நான் எண்ணைச் சொல்ல, பக்கத்தில் நிற்பவர் எழுதிக்கொள்வார். இருபது வருடப் பழக்கம்.

முந்தின குழியை வென்ற அப்பாதுரைதான் முதலில் அடிக்க வேண்டும். கையில் இருந்த ஏழாம் நம்பர் மட்டையை அவர் மெதுவாகப் பையில் வைத்துவிட்டு, அதைவிடத் தூரம் அடிக்கும் ஐந்தாம் நம்பரை உருவினார். என் பக்கம் திரும்பவே இல்லை.

எந்த அளவையும் இரண்டு முறை எடுப்பவள் நான். மறுபடி அழுத்தினேன். நூற்று நாற்பத்தொன்று. இன்னொரு முறை. அதே நூற்று நாற்பத்தொன்று. முதல் முறை என் கை அசைந்து, கொடிக்குப் பின்னால் வேலியோரம் நின்ற மின்கம்பத்தை அளந்திருக்கிறேன்.

அப்பாதுரை காலை ஊன்றி நின்றுவிட்டார். ஐந்தாம் நம்பரால் அடித்தால் பந்து வேலிக்கு வெளியே. ஆட்டம் எனக்கு.

அவர் என்னைக் கேட்கவில்லை. நான் பொய்யும் சொல்லவில்லை. வாயைத் திறக்காமல் நின்றால் போதும். அந்த நினைப்பு எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை ஒளிக்கப்போவதில்லை. ஆனால் அந்தத் தப்பு எண் என் வாயிலிருந்து போனது. இன்னொன்றும் இருந்தது, அது அவ்வளவு உயர்ந்ததல்ல. சரியான தூரம் தெரிந்து அவர் தோற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

"ஐயா, நில்லுங்க. நான் சொன்னது தப்பு. கம்பத்த அளந்துட்டேன். கொடிக்கு நூத்தி நாப்பத்தொண்ணுதான்."

அவர் முகம் சிவந்தது. "நான் உங்கள கேட்டனா?"

"கேக்கல. மட்டைய மாத்துனீங்களே."

பக்கத்தில் நின்ற மூர்த்தி சிரிப்பை அடக்கத் தொண்டையைச் செருமினார். அப்பாதுரை கொடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஐந்தாம் நம்பரைப் பையில் போட்டுவிட்டு ஏழாம் நம்பரை எடுத்தார். அருமையான அடி. பந்து, கொடியைச் சுற்றி எண்ணெய் ஊற்றி இறுக்கிய மணல் வட்டத்தில் விழுந்து, குழிக்குப் பத்தடியில் நின்றது.

அவரளவு தூரம் அடிக்காத எனக்கு நூற்று நாற்பத்தொன்று என்றால் ஐந்தாம் நம்பர். சந்தேகமில்லாத கை வேறு மாதிரி இருக்கும்; மட்டையை இறுக்கிப் பிடிக்காது. பந்து பள்ளத்தைத் தாண்டி, அவருடையதைவிட நாலடி உள்ளே போய் நின்றது.

அவர் தட்டிய பந்து குழியின் விளிம்பைத் தொட்டு விலகி நின்றது. அடுத்ததில் முடித்தார். ஆறடியில் இருந்த என்னுடையது நேராக விழுந்தது.

"சொல்லாம இருந்திருந்தா இன்னும் சுளுவா ஜெயிச்சிருப்பீங்க, சர்வேயரம்மா," என்றார் அப்பாதுரை.

"ஆமாங்க," என்றேன்.

அவர் மூர்த்தியிடம் என் பெயரை எழுதச் சொன்னார். பெங்களூரில் இந்தக் கருவிக்கு அனுமதி உண்டா என்று கேட்டு ஒரு கடிதமும் போடச் சொன்னேன் நான். இல்லையென்றால் முந்தின நாளே போய் மைதானத்தை நடந்து அளந்துகொள்வேன்.